ஓட்டோடு போடவும்

அப்பா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கையில் குறடோடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கிண்ணத்துக்குள் எங்கள் பேத்தை மீன். மிரண்டால் பந்தாக ஊதிக்கொள்ளும் என்பதால் பெயர் உருண்டை. தொட்டியிலிருந்து மொண்ட உப்புத் தண்ணீரில் இரண்டு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டிருந்தேன். அது மயங்கிக் கிடக்கும் சில நிமிடத்துக்குள் பல்லை வெட்டியாக வேண்டும். கை தவறினால் மீன் இல்லை. வெட்டாவிட்டாலும் இல்லை.

பேத்தைக்குச் சாகும்வரை பல் வளரும். நத்தை, நண்டு ஓட்டைக் கடித்து நொறுக்கி அதுவாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். தேயாவிட்டால் பல்லே வாயை அடைத்துவிடும். அப்புறம் இரை மூக்குக்கு எதிரே கிடந்தாலும் பட்டினிதான்.

இதைப் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனேன். மூக்குக்கண்ணாடிக் கடையின் புதுக் கிளையை நிலைநிறுத்த எனக்கு நான்கு மாதம் வெளியூர் வேலை. வீட்டில் அப்பாவும் மீனும் மட்டும். நத்தையோ நண்டுக்காலோ, 'ஓட்டோடு போடவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியும் வைத்தேன்.

இன்று காலை வந்ததும் தோள்பையைக்கூட இறக்காமல் தொட்டிக்கு ஓடினேன். உருண்டை என்னை அடையாளம் கண்டு கண்ணாடியருகே வந்தது. வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாக இருந்தது. வாய்க்கு வெளியே கிளிமூக்கு மாதிரி பல்.

வந்ததே எனக்கு ஆத்திரம்.

"பாவம்மா, அவ்வளவு கெட்டியானதை அது எப்படிக் கடிக்கும்? அதான் ஓடெல்லாம் எடுத்துட்டு, சதையைப் பொடிசா நறுக்கிப் போட்டேன்" என்று தொட்டியைப் பார்த்தபடியே அப்பா முனகினார்.

எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

வாய்க்கு வந்தபடி பொரிந்து தள்ளினேன். இரண்டு வார்த்தையைப் படிக்கத் தெரியாதா என்றேன். உங்களை நம்பி ஒரு செடியைக்கூட விட்டுப்போக முடியாது என்றேன். பாசத்தாலேயே கொல்லப் பார்த்தீர்களே என்றேன். அவர் வாயே திறக்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மீன் மயங்கிச் சாய்ந்தது. ஈரத்துணியில் ஏந்தி, வாயை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கினேன். காற்றை விழுங்கி ஊதிக்கொண்டால் எல்லாம் முடிந்தது. கடையில் கண்ணாடிச் சட்டத்தின் கம்பி வெட்டும் குறடுதான். மேல்பல்லில் வைத்து அழுத்தினேன். டக். கீழ்ப்பல். டக். வெட்டுப்பட்ட துண்டு தெறித்து அப்பாவின் சட்டையில் விழுந்தது. அவர் அசையவில்லை, கிண்ணமும் அசையவில்லை.

தொட்டியில் விட்டோம். அது கல்லாகக் கிடந்தது. நான் விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்ட ஆரம்பித்தேன். போனால் போகட்டும், இனி இந்த வீட்டில் மீனே வேண்டாம் என்றுகூடச் சொன்னேன்.

அரைமணி நேரம் கழித்து ஒரு துடுப்பு அசைந்தது. ஒரு நத்தையைப் போட்டேன். உருண்டை மெல்ல வந்து, சுற்றிப் பார்த்து, கவ்வியது.

கடக். கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

அப்பா கைதட்டி, வாய்விட்டுச் சிரித்தார்.

வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. மேலும் கீழும் வெறும் ஈறு.

"பல்செட்டா? நீ போன மறுவாரமே கை தவறி உடைஞ்சிடுச்சும்மா. உனக்கு அங்க ஆயிரம் வேலை, இதை வேற எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

நான்கு மாதமும் தினம் தவறாமல் ஃபோன் செய்தேன். உருண்டை சாப்பிட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். முதல் வாரம் போக, அவர் சொன்ன பதில் ஒருநாளும் தெளிவாகக் கேட்டதில்லை.

வாயைத் திறந்து ஒழுங்காகப் பேசுங்கள் என்று அதற்கும் திட்டியிருக்கிறேன்.