கருங்காலி

"எம்னாவுக்குப் பிசிக்ஸ்ல இருபதுக்குப் பதினாறு. தைரியமா அறிவியல் பிரிவுல சேருங்க!"

சொன்ன மறுகணமே நஜியா டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரொட்டிக் கடை வரிசை அது. முன்னும் பின்னும் பாதி ஊர் நின்றிருந்தது.

எம்னாவின் தாய் ம்பார்க்கா சும்மா இருப்பாளா? "அல்லா உன்னை நல்லா வெச்சிருக்கணும் டீச்சர்!" என்று நஜியாவின் இரண்டு கன்னத்திலும் சத்தமாக முத்தமிட்டாள். வாங்க வந்த ரொட்டியை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

துனிசியாவின் தெற்கே, பாஸ்பேட் தூசு படிந்த அந்த ஊரில், சம்பளத்தை உயர்த்துவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கல்வித்துறை மேலிடம் கைவிரித்தபோது ஆசிரியர் சங்கம் தீர்மானம் போட்டது. பாடம் நடத்துவோம், தேர்வு வைப்போம், தாளும் திருத்துவோம். மதிப்பெண்ணை மட்டும் ஒருவருக்கும் சொல்ல மாட்டோம்.

மேலிடம் அசையவில்லை. பதிலுக்குப் பள்ளி வாசலில் ஓர் அறிவிப்பை ஒட்டியது. 'கணிதமா, அறிவியலா, பொருளாதாரமா, இலக்கியமா? பிள்ளை அடுத்து எந்தப் பிரிவில் படிக்க வேண்டும் என்பதை வசந்த விடுமுறைக்குள் பெற்றோர் தெரிவிக்கவும்.'

மதிப்பெண்ணே தெரியாமல் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கண்ணைக் கட்டிவிட்டு வழி கேட்கிற கதைதான். மேலிடத்தார் வீட்டுப் பிள்ளைகளா இங்கே படிக்கிறார்கள், அவர்களுக்கு வலிக்க?

நஜியா வாயைத் திறக்காமல்தான் இருந்தாள். பெற்றோர் கதவைத் தட்டினால் விளக்கை அணைத்தாள். ஆனால் இன்று ம்பார்க்கா, "பிசிக்ஸ் மார்க் தெரியாம எப்படி டீச்சர் அறிவியல்ல சேர்க்கறது? ஆழம் தெரியாத கிணத்துல பொண்ணைத் தள்ளச் சொல்றீங்களா? இலக்கியமே போதும்னு சொல்லிட்டு வந்துடறேன்" என்றபோது மனசு கேட்கவில்லை. வகுப்பு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், மின்கலத்தைப் பிரித்துப் போட்டு ஆராய்கிற பெண் எம்னா.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது.

"பெல்காசெம் பேசறேன். சங்க ஆபீசுக்கு வா. இப்பவே." அத்தோடு வைத்துவிட்டார்.

பெல்காசெம் சங்கச் செயலாளர், கணக்கு ஆசிரியர். இரண்டு முறை சிறைக்குப் போய் வந்தவர். கூட்டத்தில் மேசையைக் குத்திச் சொன்னது அவர்தான்: "எவன் வாயைத் திறக்கிறானோ அவன் கருங்காலி! அவன் பேரன் கல்யாணத்துக்குக்கூட இந்த ஊர் போகாது!"

வெறும் மிரட்டல் இல்லை அது. எந்தக் காலத்திலோ வேலைநிறுத்தத்தின்போது பாஸ்பேட் சுரங்கத்துக்குள் இறங்கிய ஒருவனின் பேரனை, இன்றைக்கும் ஊர் 'கருங்காலி வீட்டுப் பையன்' என்றுதான் சொல்கிறது.

"நான் சொல்லவே இல்லன்னு சாதிச்சிடேன்" என்றான் கணவன் ரிதா.

"வரிசை மொத்தமும் கேட்டுச்சு. யார்கிட்டப் போய்ச் சாதிக்க?"

"அப்போ அழுதுடாத. அழுதா அந்தக் கிழவருக்கு இன்னும் ஏறும்."

ஆபீசில் பெல்காசெம் தனியாக உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார்.

"கதவைச் சாத்து."

சாத்தினாள்.

"ரொட்டி வரிசையில என்ன சொன்னே?"

"பதினாறுன்னு சொன்னேன்." நிமிர்ந்தே நின்றாள். "தப்புதான் தோழர். சங்கத்தை விட்டு நீக்கிடுங்க. ஆனா மேலிடத்தோட நாம போடற சண்டையில அந்தப் பொண்ணு ஏன் அடி வாங்கணும்? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்க."

"கூட்டத்துல நான் என்ன பேசினேன்? ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. கருங்காலின்னீங்க."

பெல்காசெம் எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். நஜியா கண்ணை மூடிக்கொண்டாள்.

கையில் சூடாக ஏதோ பட்டது. தேநீர்.

"குடி. குடிச்சிட்டுப் போய் மத்த வீடுகளுக்கும் உன் மார்க்கைச் சொல்லு. விடுமுறை நெருங்கிடுச்சு. ஆனா மகளே, சொல்றதை இப்படியா நடுவீதியில நின்னு சொல்லுவாங்க? அடுப்படியில உக்காந்து மெதுவாச் சொல்லணும். மேலிடத்துக் காதுல விழுந்தா நம்ம போராட்டம் என்ன ஆகறது?"

நஜியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "மத்த வீடுகளுக்குமா?"

"பின்னே? என் கணக்கு மார்க்கை நானே வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டேன். அரபி வாத்தியார் சொல்லியாச்சு, பிரெஞ்சு டீச்சரும் சொல்லியாச்சு. உன் பிசிக்ஸ் ஒண்ணுதான் பாக்கி. அது இல்லாம ஒரு வீட்டுலயும் முடிவெடுக்க முடியல. தினம் என் வாசல்ல வந்து நிக்கறாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தோழர்?"

"எப்படி? மேசையைக் குத்திப் பேசின வாயாலயே உன்கிட்ட வந்து 'சொல்லிடு'ன்னு சொல்லச் சொல்றியா?" பெல்காசெம் தலையில் அடித்துக்கொண்டார். "என் பேச்சை நம்பி இந்த ஊர்ல வாயே திறக்காம இருந்த ஒரே ஆள் நீதான் மகளே!"