முன்னாடி என்ன இருந்துச்சு?

“வீடு கட்டுறது இருக்கட்டும் அண்ணாச்சி. இந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு? மொதல்ல அதைச் சொல்லுங்க” என்றாள் காளீஸ்வரி.

“நல்ல இடம்மா. பட்டா, அப்ரூவல் எல்லாம் பக்காவா இருக்கு” என்றார் மனை விற்கும் லிங்கேஸ்வரன். எத்தனை தடவை கேட்டாலும் மனிதர் பட்டாவைத்தான் சொன்னார்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்த இடம். எதையோ இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். செங்கல் தூள் காலில் ஒட்டியது. மேற்கே மலை, அருமையான காற்று. ஆனாலும் காளீஸ்வரிக்கு மனசு ஒப்பவில்லை. கணவன் தங்கப்பாண்டியன் பட்டாளத்துக்காரன். லீவு முடிந்து அவன் கிளம்பிவிட்டால், சின்ன மகளோடு இங்கே தனியாக இருக்கப் போகிறவள் அவள்தானே!

“என்னங்க, அங்க பாருங்க.” கணவன் கையைச் சுரண்டினாள். வேலியோரம் வரிசையாகத் தண்ணீர்க் குழாய்கள், எல்லாமே முழங்கால் உயரத்தில். “எதுக்கு இம்புட்டுக் குழாய்? காரியம் முடிச்சிட்டு வாரவுக கைகால் கழுவுற இடம் மாதிரில்ல இருக்கு!”

குழாய்களுக்கு அப்பால் சதுரமாக ஒரு சிமெண்ட் மேடை வேறு.

“அது... சமாதியா?” என்றான் தங்கப்பாண்டியன். எல்லையில் துப்பாக்கியோடு நிற்பவனே ஓரடி பின்வாங்கினான்.

லிங்கேஸ்வரன் காதில் வாங்காதவர் போல, எல்லைக் கல்லில் சாக்பீஸால் மனை எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து மட்டும் அச்சடித்தது போல இருந்தது.

“சார், மறைக்காம சொல்லுங்க. சுடுகாடா?”

“ஐயையோ! அதெல்லாம் இல்ல தம்பி.”

“பொறவு ஏன் மழுப்புறீக? ஏட்டி, வா போவோம்.” தங்கப்பாண்டியன் பைக் சாவியை எடுத்தான்.

லிங்கேஸ்வரன் பதறிவிட்டார். இந்த மாதம் இன்னும் ஒரு மனைகூட விற்கவில்லை. “செத்த நேரம் நில்லுங்க. ஏம்மா, போன்ல நீங்க மொதல்ல என்ன கேட்டீக?”

“பிள்ளைய ஒண்ணாப்புல சேக்கணும், நடந்து போற தூரத்துல பள்ளிக்கூடம் இருக்கான்னு கேட்டேன். இல்லம்மா, ராஜபாளையத்துக்கு வேன்லதான் அனுப்பணும்னு சொன்னீக. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

லிங்கேஸ்வரன் விரலில் ஒட்டிய சாக்பீஸ் பொடியைத் தட்டிவிட்டார். முகம் வாடிப்போயிருந்தது.

“அது சமாதி இல்லம்மா, கொடிமேடை. அந்தக் குழாயெல்லாம் பிள்ளைக டிபன் டப்பா கழுவுறதுக்கு. பக்கத்து மில்ல மூடவும், சனமெல்லாம் திருப்பூருக்குப் போயிருச்சு. ஒண்ணாப்புல சேர ஒத்தப் பிள்ளை வரலன்னு, இங்க இருந்த தனியார் பள்ளிக்கூடத்தைப் போன வருசம்தான் இழுத்துப் பூட்டுனாக. அதுல ஹெட்மாஸ்டரா இருந்தது நாந்தாம்மா!”