கத்தரிக்காய் பஜ்ஜி

கடம்பூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களுக்கென்றே கத்தரிக்காய் பஜ்ஜி போட்டாள் மாடத்தி.

"ஏட்டி, கரப்பான் புண்ணு இருக்கவுக கத்தரிக்காயத் தொட மாட்டாவன்னு ஊருக்கே தெரியும். அவிய முன்னால நீயும் ஒண்ணு தின்னுரு. சந்தேகமே வராது. அருகம்புல் தைலம் வாசம் போக சோப்பு போட்டியா?"

"போட்டேன்" என்ற மகள் சுதாராணி, முழங்கைப் புண்ணை முந்தானையால் மூடிக்கொண்டு தட்டோடு போனாள். சொன்னபடியே ஒன்றைத் தின்றுவிட்டுத் திரும்பினாள்.

"எல்லாரும் சாப்பிட்டாவளா?"

"மாப்பிள்ளை மட்டும் தொடல."

"போச்சு! உன்னயப் பிடிக்கல போல." தலையில் கைவைத்து உட்கார்ந்தாள் மாடத்தி.

"இல்லம்மா. நான் பஜ்ஜியக் கடிக்கயில, 'வேண்டாம், ராத்திரி அரிக்கும்'னு மெதுவாச் சொன்னாவ. அவிய சோப்பு போடல போல, சட்டையெல்லாம் அதே வாசம். இனிமே தைலத்த ரெண்டு பேருக்குக் காய்ச்சும்மா."