புகையே இல்லாத கரி

"காந்தா, கேமராவைப் பார்க்காதே. சட்டையைப் பார்த்துத் தேய். ஆனா முகம் சிரிச்ச மாதிரி இருக்கணும்" என்றார் வேதசிரோமணி.

மேடவாக்கத்தில் அந்த அடுக்ககத்தின் சங்கத் தலைவர் அவர். மாடிக் குழாய் ஒழுகினால்கூடத் தீர்மானம் போட்டு, படம் எடுத்து, குரூப்பில் ஏற்றிய பிறகுதான் பிளம்பரைக் கூப்பிடுவார். இப்போது அவரைப் பிடித்திருப்பது குப்பை. வீடுகளில் கழித்துப் போடும் காய்கறித் தோலையும் இளநீர் மட்டையையும் மொட்டை மாடி டிரம்மில் கருக்கி, பொடித்து, மைதாக் கூழில் பிசைந்து கரிக்கட்டி பிடிக்க வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டியிலும் சங்கத்தின் முத்திரை வேறு.

காந்தாவுக்கு முத்திரையைப் பற்றிக் கவலையில்லை. கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் அவளுடைய இஸ்திரி வண்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"நாளைக்குக் கரி அறிமுக விழாவுல நம்ம கரியில தேய்ச்சுக் காட்டு. நல்லா எரிஞ்சா இடம் உனக்கு. இல்லேன்னா அங்க பூச்செடி வைக்கலாம்னு கமிட்டியில பேச்சு" என்று முந்தின நாளே ஒரு பை நிறையக் கட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"இஸ்திரிப் பெட்டி ரெடியா?" என்றார் இப்போது.

"விடியறப்பவே பத்த வச்சிட்டேன் சார். சூடு சும்மா நின்னுகினு கீது."

சிறப்பு விருந்தினர் வந்தார். பொன்னாடை விழுந்தது. தலைவரின் வெள்ளைச் சட்டைமேல் காந்தா பெட்டியை ஓட்டினாள். சுருக்கமெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுப் படுத்தன.

"புகையே காணோமே" என்று வியந்தார் விருந்தினர்.

"அதான் சார் நம்ம டெக்னாலஜி" என்றார் வேதசிரோமணி, மட்டையைத் தானே உரித்தவர் போல.

செயலாளர் ஜெயஸ்ரீ போனை நீட்டினாள். "அக்கா, ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

காந்தா மரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "கடையில விக்கிறதெல்லாம் ஒரு கரியா மேடம்? இத்தப் பாத்தப்புறம் அத்தத் தொடவே மனசு வரல."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வேதசிரோமணி மைக்கை வாங்கினார்.

"நம்ம காந்தாவே சொல்லிட்டாங்க. அதனால நாளையிலேர்ந்து இந்த கேட்டுக்கிட்ட சங்கத்துக் கரி மட்டும்தான் எரியணும். வேற கரி எரிஞ்சா, அந்த வண்டிக்கு இங்க இடம் கிடையாது."

"செக்யூரிட்டி தினமும் பெட்டியைத் திறந்து பார்த்துடுவார்" என்று சேர்த்தாள் ஜெயஸ்ரீ.

"சார், அது வந்து..."

"நன்றியெல்லாம் எதுக்கும்மா. எல்லாம் ஒரு சேவைதானே."

கூட்டம் வடைப் பக்கம் நகர்ந்தது. வீடுகளில் துணி கொடுத்துவிட்டுத் திரும்பினான் கணவன் துரை.

"இடம் நமக்குத்தானாமே. அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சி தொங்கிகினு கீது?"

காந்தா இஸ்திரிப் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே கனன்றுகொண்டிருந்தது, அவள் எப்போதும் கடையில் வாங்கும் கொட்டாங்கச்சிக் கரி. விடியலில் கை வலிக்க விசிறியும் பற்றிக்கொள்ளாத முத்திரைக் கட்டிகள் வண்டிக்கடியில் பையோடு கிடந்தன.