ஒன்றுவிடாமல் பறிமுதல்

மாடியில் வீடு, கீழே கடை. மின்சார ஸ்கூட்டர் ரிப்பேர் செய்யும் மெக்கானிக்கின் பின்அறையில், செத்துப்போன பேட்டரிகள் கூரைவரை குவிந்து கிடந்தன. சில உப்பியும் போயிருந்தன.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஆட்களோடு உள்ளே வந்தார்.

"இதையெல்லாம் இங்க வைக்கக் கூடாதுன்னு தெரியாதா? தீப்பிடிச்சா மாடியில ஒருத்தர்கூட மிஞ்ச மாட்டீங்க."

"குப்பையில போடக் கூடாது, காயலான் கடைக்கும் போடக் கூடாதுன்னு நீங்கதானே சார் சட்டம் போட்டீங்க? கம்பெனிதான் திரும்ப எடுக்கணுமாம். அவங்க என் போனையே எடுக்க மாட்டேங்கறாங்க."

"அது உங்க பாடு. எல்லாத்தையும் பறிமுதல் பண்றேன்."

மெக்கானிக்கின் கண்கள் கலங்கின. கதவை மறித்து நின்றார்.

"வயித்துல அடிக்காதீங்க சார்! அந்த மூலையில இருக்கறதையாவது விட்டுடுங்க!"

"ஒண்ணுகூட விட மாட்டேன்!" அதிகாரிக்கு வீம்பு ஏறியது. "ஏம்ப்பா, பெஞ்சுக்கு அடியிலயும் பாருங்க!"

லாரி நிறைந்தது. அழுத முகத்துக்கு இரங்கி, எச்சரிக்கையோடு விட்டுவிட்டுக் கிளம்பினார் அதிகாரி.

படியிறங்கி வந்த மனைவி பொரிந்து தள்ளினாள்.

"நம்ம மேல புகார் குடுத்தவன் விளங்குவானா? பக்கத்துக் கடைக்காரனாத்தான் இருக்கும்!"

"அந்த மனுஷனைத் திட்டாதே. போன் பண்ணிச் சொன்னது நான்தான்."

"நீங்களேவா? அப்புறம் எதுக்கு அந்த அழுகை?"

மெக்கானிக் துடைப்பத்தை எடுத்து, காலி அறையைப் பெருக்க ஆரம்பித்தார்.

"அழலைன்னா, பாதியை இங்கயே விட்டுட்டுப் போயிருப்பாரு."