நிபந்தனைகளுக்கு உட்பட்டது

“இந்த அட்டையோட கடைசி வரியைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க,” என்றார் போதகர்.

அச்சகக்காரர் அதை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். மேலே கொட்டை எழுத்தில், ‘உன்னை ஒருநாளும் கைவிட மாட்டேன் - கர்த்தர்’ என்றிருந்தது. அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி.

“டிசம்பர் 31 வரை மட்டும். நிபந்தனைகளுக்கு உட்பட்டது.”

“கர்த்தர் இதை எப்போ உங்ககிட்ட சொன்னார்?”

“அவர் சொல்லலைங்க. ஒரு செருப்புக்கடைக்காரர் சொன்னது. அவரோட தள்ளுபடிக் கூப்பனும் இதே அளவு. கம்ப்யூட்டர்ல அதை எடுத்து மேல மட்டும் மாத்தினேன். அடியில கைவைக்க மறந்துட்டேன்.”

“நல்லா மறந்தீங்க. நாளைக்குக் காலைல வருஷத்தோட முதல் ஆராதனை. நானூறு பேருக்கு, புது வருஷத்துக்குக் கர்த்தரோட வாக்குன்னு ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கொடுக்கணும். நாளன்னைக்கு என் மனைவிக்கு இருதய ஆபரேஷன். இந்த அட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள போவேன்னு இருக்கா. அங்க போய் இதைப் படிச்சான்னா மயக்க மருந்தே தேவைப்படாது.”

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வரியைப் பார்த்ததிலிருந்து அவருக்கே உள்ளுக்குள் பயம்.

“இவ்வளவு பொடி எழுத்து எப்படிங்க கண்ணுல பட்டுது?”

“நேத்துதான் கண்ணாடி மாத்தினேன்.”

“அதானே பார்த்தேன்,” என்று முனகினார் அச்சகக்காரர்.

கட்டுகளைப் பிரித்து வெட்டும் இயந்திரத்தில் அடுக்கினார். அடியில் ஒரு விரற்கடை அகலம் வெட்டி எடுத்தால் போதும். போதகர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உதவிக்கு வந்தார். வந்தவர் சும்மா இருப்பாரா, பிரசங்கத்தையும் ஆரம்பித்துவிட்டார்.

“ரெண்டு பேர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்னா, ஒருத்தர் தவறினா முறிஞ்சுடும். கர்த்தரோட உடன்படிக்கை அப்படியில்ல. வேதத்துல ஒரு பெரியவர் அயர்ந்து தூங்கிட்டிருக்கும்போது, கர்த்தர் ஒருத்தராவே வாக்குக் கொடுத்துத் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கிட்டார். நாம சொதப்பினாலும் அவர் பின்வாங்க மாட்டார்.”

“பார்ட்டி தூங்கும்போதே ஒப்பந்தமா? எங்க தொழில்ல இப்படி வாக்குக் கொடுக்கிற ஒருத்தர் கிடைச்சா விடவே மாட்டோம்.”

“நானும் அவரை விடலையே.”

சரக் சரக்கென்று நானூறும் வெட்டுப்பட்டன. குப்பைக்கூடை நிரம்ப நிரம்பப் போதகரின் பயமும் குறைந்துகொண்டே வந்தது.

“பாஸ்டர், ஒண்ணு கேக்கட்டுமா? பதினோரு வருஷமா என்கிட்டதான் அட்டை அடிக்கிறீங்க. அதுல ஏதாவது வாக்கு பொய்யாப் போச்சுன்னு யாராச்சும் வந்ததுண்டா?”

“ஒருத்தர்கூட இல்ல. என் மனைவி பதினொண்ணையும் தலையணைக்கு அடியில வச்சிருக்கா. ஒவ்வொண்ணும் இன்னைக்கு வரைக்கும் பலிச்சுக்கிட்டேதான் இருக்குன்னு சாதிப்பா. ஏன் கேக்கறீங்க?”

அச்சகக்காரர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

“அந்தப் பதினொண்ணுலயும் அடியில இதே வரிதாங்க இருக்கு. உங்களை மாதிரியே கர்த்தரும் அதைப் படிக்கவே இல்ல போல.”