கோட்டில் உட்கார்ந்த புள்ளிகள்

குரோம்பேட்டைக் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டே ஒரு வளைகோட்டை மெல்ல மெல்ல வெளியே தள்ளுகிறது. மெட்டில்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். செம்பை இழுத்தால் அதற்குள் நெருங்கிக் கிடக்கும் பொடிப்பொடிப் படிகங்கள் எப்படி நழுவி உருமாறும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இதுவரை போட்டதெல்லாம் பாதியில் கரண்ட் போய் அழிந்தது, இல்லையென்றால் தப்பாக வந்தது. இன்றுதான் முழுதாக ஓடி முடிந்திருக்கிறது. தாளைக் கிழித்து ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்துகிறாள். ஆய்வுக்கூடத்தில் நிஜச் செம்பை இழுத்து அளந்த தோழி ரத்தினபாய், அந்த அளவுகளைப் புள்ளிகளாகக் குறித்த தன் வரைபடத்தை அதன்மேல் பொருத்துகிறாள். மாலை வெயில் இரண்டு தாள்களையும் ஊடுருவுகிறது. ரத்தினபாயின் புள்ளிகள் அத்தனையும் கோட்டின்மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. "ஏய், என் புள்ளியப் பாத்து நீ கோடு போடலயே?" "சத்தியமா இல்லடி, கம்ப்யூட்டர் போட்டது." இருவருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறது. தூரத்தில் மின்சார ரயில் தடதடத்துப் போகிறது. "கை வலிக்கலயா? எறக்கு, சார்கிட்ட காட்டலாம்," என்கிறாள் ரத்தினபாய். "இரு, இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்," என்கிறாள் மெட்டில்டா.